அந்த நாற்பது பேரும் மான்செஸ்டரின் காலி அறைகளும்

கேட்கப்பட்ட கேள்வி இது: 1976-ல் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் பங்க் ராக் குழு நடத்திய ஒரு கச்சேரிக்கு நாற்பது பேர்தான் வந்தார்களாம், அந்த நாற்பது பேரும் வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு இசைக்குழு தொடங்கினார்களாம், அந்த ஊரின் ராக் இசை அப்படித்தான் பிறந்ததாம். இது எவ்வளவு தூரம் உண்மை? கூடவே ஒரு துணைக்கேள்வி: தலைநகர் லண்டன் இருக்க, இத்தனை குழுக்கள் அந்த ஊரிலிருந்து வந்தது எப்படி?

பாதி உண்மை. தேதி 1976 ஜூன் 4, வெள்ளிக்கிழமை. இடம், ஃப்ரீ டிரேட் ஹால் என்ற பெரிய மண்டபத்தின் மாடியில் இருந்த லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற சிறிய அரங்கு. டிக்கெட் 50 பென்ஸ். வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான் என்பதும் ஏறக்குறைய சரி. 'நாற்பது பேரும்' என்பதுதான் பின்னால் ஒட்டிக்கொண்ட வால். பீட்டர் ஹுக், பெர்னார்ட் சம்னர் என்ற இரு பள்ளித் தோழர்கள் வந்திருந்தார்கள். ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிதார் வாங்கினார், அதிலிருந்து பின்னாளில் ஜாய் டிவிஷன் வந்தது. பின்னாளில் தி ஸ்மித்ஸ் குழுவின் பாடகரான மாரிஸி வந்திருந்தார், வீட்டுக்குப் போய் இசை இதழுக்குக் கடிதம் எழுதினார். இசைக்குழு அமைய அவருக்கு இன்னும் ஆறு ஆண்டுகள் பிடித்தன. தி ஃபால் குழுவைத் தொடங்கிய மார்க் ஈ. ஸ்மித் வந்திருந்தார். மற்றவர்களில் பெரும்பாலோர் கச்சேரி பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போனவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. அதே அரங்கில் ஜூலை 20 அன்று செக்ஸ் பிஸ்டல்ஸ் மறுபடி வாசித்தார்கள். அன்று நல்ல கூட்டம். பிற்காலத்தில் 'நானும் இருந்தேன்' என்று சொன்ன பலர் ஜூலையில் பார்த்ததை ஜூனில் பார்த்ததாக நினைவுகூர்ந்தவர்கள். தொலைக்காட்சிக்காரர் டோனி வில்சன் முதல் இரவில் இருந்தாரா என்று ரசிகர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். தான் இருந்ததாகத்தான் அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு இந்த வருகைப் பதிவேட்டில் அவ்வளவு ஆர்வம் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை விடுங்கள், நாற்காலி போட்டவர்களைப் பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

போல்ட்டன் என்ற பக்கத்து ஊர்க் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஹோவர்ட் டிவோட்டோ, பீட் ஷெல்லி என்ற இரண்டு மாணவர்கள் அந்த ஆண்டு பிப்ரவரியில் ஓர் இசை வார இதழில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பற்றிய சிறு விமர்சனத்தைப் படித்தார்கள். கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே போய் அந்தக் குழுவைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். மேலாளர் மால்கம் மெக்லாரனிடம் பேசி, எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். அரங்கைத் தாங்களே வாடகைக்குப் பிடித்தார்கள். தங்கள் சொந்தக் குழுவான பஸ்காக்ஸும் அன்று முதலில் வாசிப்பதாகத் திட்டம், ஆள் சேரவில்லை. ஆகவே போல்ட்டனிலிருந்து சோல்ஸ்டிஸ் என்ற பழைய பாணி ராக் குழுவை அழைத்து ஒப்பேற்றினார்கள்.

அன்று மாலை ஷெல்லி டிக்கெட் காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். மெக்லாரன் வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களை உள்ளே வரச்சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்டீவ் டிகிள் என்ற இளைஞர் வேறு யாரோ ஒருவரைச் சந்தித்துக் குழு அமைப்பது பற்றிப் பேசுவதற்காக அங்கே காத்திருந்தார். மெக்லாரனுக்கு அது தெரியாது. பஸ்காக்ஸ் எதிர்பார்க்கும் பேஸ் கிதார்காரர் இவர்தான் என்று நினைத்து ஷெல்லியின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ஆள் மாறிப்போனது தெரிய வருவதற்குள் இருவருக்கும் பேச்சு ஒத்துப்போய்விட்டது. ஆறு வாரம் கழித்து, ஜூலை 20 அன்று, பஸ்காக்ஸ் அதே மேடையில் அரங்கேறியபோது பேஸ் வாசித்தவர் டிகிள்.

இதே ஆட்கள் அந்த ஆண்டு டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரிலேயே ஒரு பதிவுக்கூடத்தில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் வாங்கிய கடன் ஏறக்குறைய 500 பவுண்டு. நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டு, 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற அந்த இசைத்தட்டை ஆயிரம் பிரதிகள் வெளியிட்டார்கள். உறையில் இருப்பது நகர மையத்தில் ஒரு சிலையின் அடியில் நின்று எடுத்த போலராய்டு படம். பின்னட்டையில்தான் சுவாரசியம்: ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது தடவை வாசித்தபோது சரியாக வந்தது, மேலே கூடுதலாக என்ன பதிவு சேர்த்தார்கள் என்று கணக்குப்புத்தகம்போல எழுதி வைத்தார்கள். 'போர்டம்' பாடலில் ஷெல்லியின் கிதார் தனி வாசிப்பு மொத்தமே இரண்டு சுரங்கள். அவற்றையே அறுபத்தாறு முறை திருப்பித் திருப்பி வாசிப்பார். சலிப்பைப் பற்றிய பாட்டில் சலிப்பையே வாசித்துக் காட்டுகிறார். இதைக் கேட்ட எவனுக்கும் 'இது என்னாலும் முடியும்' என்று தோன்றாமல் இருக்காது. ஆயிரம் பிரதி பதினாறாயிரம் ஆயிற்று. இசைத்தட்டு வெளியிட லண்டனுக்கு ரயில் ஏற வேண்டியதில்லை என்பதை அந்த ஊர் இதிலிருந்துதான் கற்றது. ஜூன் 4-ஐவிட இந்தத் தட்டுதான் பெரிய நிகழ்ச்சி என்பது என் கட்சி.

1976-க்கு முன் அங்கே ஒன்றுமே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். 1960களில் தி ஹாலிஸ், ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் என்று மான்செஸ்டர் குழுக்கள் அமெரிக்காவரை போய் வந்தன. 1964 மே மாதத்தில் கிரனாடா தொலைக்காட்சி, மூடிக்கிடந்த ஒரு புறநகர் ரயில் நிலையத்தை அமெரிக்கத் தெற்கு மாநில நிலையம்போல அலங்கரித்து, ஒரு நடைமேடையில் ரசிகர்களை உட்காரவைத்து, எதிர் நடைமேடையில் அமெரிக்க இசைக்கலைஞர்களான மடி வாட்டர்ஸையும் சிஸ்டர் ரொசெட்டா தார்ப்பையும் வாசிக்கவைத்தது. மழை கொட்டியது. கம்பளிக் கோட்டோடு குதிரை வண்டியில் வந்து இறங்கிய தார்ப், நனைந்த நடைமேடையில் மின் கிதாரை மாட்டிக்கொண்டு மழையைப் பற்றிய பாட்டையே எடுத்தார். படச்சுருள் இருக்கிறது, தேடிப் பாருங்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1966 மே 17 அன்று, ஃப்ரீ டிரேட் ஹாலின் பெரிய அரங்கில், நாட்டுப்புறப் பாடகராக அறியப்பட்ட பாப் டிலன் மின் கிதாரோடு வந்ததைப் பொறுக்காத ஒருவர் 'யூதாஸ்!' என்று கத்தினார். அந்தக் கச்சேரியின் திருட்டுப் பதிவு பல ஆண்டுகள் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலின் பெயரில்தான் உலவியது. மான்செஸ்டர்க்காரர்களுக்கு லண்டன்மேல் இருக்கிற கடுப்புக்கு இது ஒன்றே போதும்.

துணைக்கேள்விக்கு வருகிறேன். கோயம்புத்தூரைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்று பள்ளிப் புத்தகத்தில் மனப்பாடம் செய்தவர்கள் நாம். அந்த வரியை நாம் ஒப்பித்துக்கொண்டிருந்த 1970களில் அசல் மான்செஸ்டரில் பஞ்சாலைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்தன. மிஞ்சியவை செங்கல் ஆலைகளும் கிடங்குகளும். மாடி மாடியாகக் காலி, வாடகை சொற்பம், இரவில் எவ்வளவு சத்தம் போட்டாலும் கதவைத் தட்ட அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர் இல்லை. லிட்டில் பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தெருவில் அப்படி ஒரு கட்டடத்தில்தான் ஜாய் டிவிஷன் ஒத்திகை பார்த்தது. குளிர்காலத்தில் உள்ளேயும் கோட்டைக் கழற்ற முடியாத இடம். இவர்களைப் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற வைத்த பாடலின் காணொளி 1980-ல் அங்கேயே எடுக்கப்பட்டது. உரிந்த சுவரும் வெற்றுத் தரையும் அதில் தெரியும்.

ஹுக்கின் பேஸ் கிதார் ஏன் அடித்தந்திகளை விட்டுவிட்டு மேலே ஏறி ஒலிக்கிறது என்று பலர் தத்துவமாக விளக்குவார்கள். அவரே சொன்ன காரணம் வேறு. சம்னரின் கிதார் அவ்வளவு சத்தம். ஹுக்கின் ஒலிபெருக்கியோ மட்டமானது. கீழே வாசித்தால் அவருக்கே கேட்காது, மேலே வாசித்தால்தான் கேட்கும். குழுவின் பாடகர் இயன் கர்டிஸுக்கு அந்த ஒலி பிடித்துப்போய், அப்படியே வாசிக்கச் சொன்னார். ஓட்டைக் கருவியும் எதிரொலிக்கும் ஆலை அறையும் சேர்ந்து செய்த பாணி.

அடுத்தது கிரனாடா. இங்கிலாந்தின் வணிகத் தொலைக்காட்சி வட்டார உரிமங்களாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டதால், வடமேற்கு வட்டாரத்துக்கான கிரனாடாவின் தலைமையகம் மான்செஸ்டரிலேயே இருந்தது. பீட்டில்ஸ் முதன்முதலில் தொலைக்காட்சியில் தோன்றியதும் 1962-ல் கிரனாடாவில்தான். அங்கே செய்தி வாசித்த டோனி வில்சன், கேம்பிரிட்ஜில் படித்தவர், தன் இசை நிகழ்ச்சியில் 1976-லேயே செக்ஸ் பிஸ்டல்ஸைக் கொண்டுவந்து நிறுத்தினார். அதுவே அவர்களுடைய முதல் தொலைக்காட்சித் தோற்றம். சம்பளத்துக்குச் செய்தி, சாயங்காலத்துக்கு இசை என்று கடைசிவரை இரட்டைக் குதிரை ஓட்டிய மனிதர். நகரத்தில் பாதிப் பேருக்கு அவரைக் கண்டால் ஆகாது. தெருவில் அவரைத் திட்டாதவர்கள் குறைவு என்று அவரே பெருமையாகச் சொல்வார்.

1978 மே மாதம் வில்சனும் நண்பர் ஆலன் எராஸ்மஸும் ஹியூம் பகுதியில் ரஸ்ஸல் கிளப் என்ற இடத்தை வாரத்தில் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். ஹியூமில் 1972-ல் நகராட்சி கட்டிய பிறைவடிவ அடுக்குமாடிகள் குடும்பங்கள் வாழத் தகுதியற்றவை என்று சீக்கிரமே ஆகிவிட்டன. குடும்பங்கள் வெளியேற, மாணவர்களும் ஓவியர்களும் இசைக்காரர்களும் மலிவு வாடகையில் உள்ளே வந்தார்கள். ரசிகக் கூட்டம் நடந்து வரும் தூரத்தில் இருந்தது. 'மூடப்படும் தொழிற்சாலை' என்று எங்கோ பார்த்த அறிவிப்புப் பலகைதான் எராஸ்மஸுக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது என்பார்கள்: எல்லாத் தொழிற்சாலையும் மூடுகிற ஊரில் நாம் ஒன்றைத் திறப்போம். ஃபேக்டரி. சுவரொட்டி வரையப் பீட்டர் சவில் என்ற கல்லூரி மாணவர் வந்தார். கல்லூரிப் பட்டறைக் கதவில் இருந்த 'காதைக் காத்துக்கொள்க' என்ற எச்சரிக்கைப் பலகையின் பாணியை அப்படியே எடுத்து அழகாக வரைந்தார். வரைந்து முடித்தபோது நிகழ்ச்சி முடிந்துவிட்டது. அந்தத் தாமதமான சுவரொட்டிக்கு 'ஃபேக் 1' என்று எண் போட்டார்கள். பிறகு இசைத்தட்டு, கட்டடம், கிளப்பின் பூனை என்று எல்லாவற்றுக்கும் எண். 2007-ல் வில்சன் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்தார்கள், 501.

இசைத்தட்டு நிறுவனமாக அது மாறியபோது வில்சனுக்குத் தாய் விட்டுச்சென்ற பணம் முதலாயிற்று. ஒப்பந்தம் என்பது ஏறக்குறைய இவ்வளவுதான்: செலவு போக லாபம் பாதிக்குப் பாதி; பாடல்கள் குழுவுக்கே சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை. இதைத் தன் ரத்தத்தால் எழுதினார் என்ற கதையும் உண்டு. இந்த ஒப்பந்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பதிவுக்கூடமும் பக்கத்திலேயே இருந்தது. ஸ்டாக்போர்ட்டில் ஸ்டிராபெரி ஸ்டூடியோ. 10சிசி குழுவினர் தங்கள் வருமானத்தைப் போட்டு வளர்த்த கூடம். 1975-ல் நூற்றுக்கணக்கான குரல் பதிவுகளை அடுக்கி அவர்கள் செய்த பாடல் உலகமெங்கும் ஒலித்தது. 1979 ஏப்ரலில் முதல் தொகுப்பைப் பதிவு செய்ய அங்கே ஜாய் டிவிஷனைக் கூட்டிக்கொண்டு போனவர் மார்ட்டின் ஹானட். 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' தட்டையும் அவர்தான் பதிவு செய்தார். வேதியியல் படித்தவர், ஒலியையும் சோதனைச்சாலைப் பொருள்போலத்தான் நடத்துவார். டிரம்ஸ்காரர் ஸ்டீபன் மாரிஸை ஒவ்வொரு முரசையும் தனித்தனியாக அடிக்கச் சொன்னார், ஒன்றின் ஒலி இன்னொன்றில் கலந்துவிடக் கூடாதாம். பக்கத்து ஊரான பர்ன்லியில் ஒரு நிறுவனம் தயாரித்த டிஜிட்டல் எதிரொலிக் கருவியை முதலில் வாங்கியவர்களில் அவர் ஒருவர். கட்டடத்தின் லிஃப்ட் ஏறி இறங்கும் சத்தத்தையும் ஒரு பாடலில் சேர்த்தார். குழுவுக்கு முடிவு பிடிக்கவில்லை! மேடையில் தாங்கள் வாசிக்கும் ஆவேசமெல்லாம் போய், ஏதோ பாழுங்கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கிறது என்று ஹுக்கும் சம்னரும் வெகுநாள் குறைப்பட்டார்கள். நான் அந்தத் தொகுப்பை முதலில் கேட்டது யாரோ நகலெடுத்துக் கொடுத்த கேசட்டில். டேப் தேய்ந்துபோனதால்தான் இப்படிக் கேட்கிறது என்று நினைத்து, மூன்று நாள் ஹெட்டைத் துடைத்துத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன்.

'அன்நோன் பிளெஷர்ஸ்' என்ற அந்தத் தொகுப்பு 1979 ஜூனில் பத்தாயிரம் பிரதிகளாக வந்தது. கறுப்பு உறையில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர்போல. இன்று பனியன்களில் பார்க்கிறோமே, அதுதான். 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸலின் பெல் முதன்முதலாகக் கண்டுபிடித்த துடிவிண்மீனின் ரேடியோ துடிப்புகளை அடுக்கி வரைந்த வரைபடம் அது. வானியல் கலைக்களஞ்சியம் ஒன்றிலிருந்து எடுத்துக் கொடுத்தவர் சம்னர்.

1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், இயன் கர்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. வலிப்பு நோயும், முறிந்துகொண்டிருந்த குடும்ப வாழ்க்கையும், மருந்துகளும் அவரை அலைக்கழித்திருந்தன. அதைப் புனிதமாக்கிப் பேசும் ரசிகர்களிடம் எனக்கு ஒப்புதல் இல்லை. மீதி மூவரும் ஜில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு நியூ ஆர்டர் ஆனார்கள். 1983-ல் வந்த 'புளூ மண்டே' தட்டின் உறையைக் கணினி வட்டுபோல ஓட்டைகள் வெட்டி சவில் வடிவமைத்தார். உறைக்கு ஆன செலவில் விற்ற ஒவ்வொரு பிரதிக்கும் கைநஷ்டம். வில்சனிடம் கணக்கு கேட்க ஆளில்லை.

அந்தப் பணம் போன இன்னொரு இடம் ஹசியெண்டா. நியூ ஆர்டரின் மேலாளர் ராப் கிரெட்டனுக்கு, நம் ஊரில் நாம் போவதற்கு ஒரு கிளப் வேண்டும் என்று ஆசை. முன்பு படகு விற்பனைக் கூடமாக இருந்த கிடங்கை எடுத்து, பென் கெல்லி என்ற வடிவமைப்பாளரிடம் ஒப்படைத்தார்கள். நடனத்தளத்தின் ஓரமாக இரும்புத் தூண்கள் நின்றன. ஆட்கள் மோதிக்கொள்ளக் கூடாதே என்று அவற்றுக்குத் தொழிற்சாலை அபாயக்குறிபோல மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்தார். இன்று மான்செஸ்டரில் நினைவுப்பொருள் கடைகளில் விற்கிற கோப்பைவரை அந்தப் பட்டைதான். 1982 மே 21 அன்று திறப்பு விழா. பழைய பாணி நகைச்சுவைக்காரர் ஒருவரை மேடையேற்றினார்கள். ஒரு ஜோக்கும் எடுபடவில்லை. பிறகு சில ஆண்டுகள் பாதி இரவுகளில் உள்ளே ஈயாடவில்லை. நியூ ஆர்டர் உலகம் சுற்றிச் சம்பாதித்ததை ஹசியெண்டா உட்கார்ந்து தின்றது. 1988-ல் சிகாகோவின் ஹவுஸ் இசை பிடித்துக்கொண்டு வாசலில் வரிசை நீண்டபோதும் நிலைமை மாறவில்லை. வந்தவர்கள் எக்ஸ்டஸி என்ற போதை மாத்திரையைப் போட்டுக்கொண்டு விடிய விடிய ஆடினார்கள், தண்ணீரைத்தான் குடித்தார்கள். பீர் விற்காத கிளப் எப்படிப் பிழைக்கும்? மாத்திரைக் காசு வெளி ஆட்களுக்குப் போயிற்று. பின்னாலேயே ரவுடிக் கும்பல்களும் துப்பாக்கிகளும் வந்தன. 1997-ல் மூடினார்கள்.

தி ஸ்மித்ஸைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: 1982-ல் தொடங்கி 1987-ல் முடிந்த அந்தக் குழு ஃபேக்டரியில் சேராமல் லண்டன் நிறுவனத்துக்குப் போனது, ஆனால் பாட்டெல்லாம் ஊரைப் பற்றியது, புகைப்படம் சால்ஃபோர்ட் லேட்ஸ் கிளப் வாசலில். 1989 நவம்பர் 23 அன்று மான்செஸ்டர் குழுக்களான ஸ்டோன் ரோஸஸும், ஃபேக்டரியின் ஹேப்பி மண்டேஸும் ஒரே இரவில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் வந்தபோது நாடு முழுவதும் தொளதொள பேன்ட் போட ஆரம்பித்தது. அடுத்த மே மாதம் ஸ்பைக் ஐலண்டில் ஸ்டோன் ரோஸஸைக் கேட்க ஏறக்குறைய 30,000 பேர் திரண்டார்கள். காற்றில் பாட்டு சரியாகக் கேட்கவில்லை என்று போனவர்களே சொல்கிறார்கள், ஆனாலும் போகாதவர்களை ஏளனமாகத்தான் பார்க்கிறார்கள்.

ஹேப்பி மண்டேஸ் அடுத்த தொகுப்பைப் பதிவு செய்ய பார்படோஸ் தீவுக்குப் போய்ப் பணத்தைக் கரைத்தது. 1992-ல் ஃபேக்டரி கடனில் மூழ்கியபோது லண்டன் ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய நிறுவனம் வாங்க வந்தது. காகிதங்களைப் புரட்டினார்கள். பாடல்கள் எல்லாம் குழுக்களுக்கே சொந்தம், நிறுவனத்துக்கு எதுவும் சொந்தமில்லை. வாங்குவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை! நவம்பரில் ஃபேக்டரி திவால். இசைக்காரன் பக்கம் சாய்ந்து எழுதிய ஒப்பந்தத்தால் ஒரு நிறுவனம் விழுந்ததாக இசைத்தட்டு வியாபாரத்தில் வேறு கதை நான் கேட்டதில்லை.

ஓயாசிஸ் ரசிகர்கள் கோபிப்பதற்குள் அவர்களிடமும் வந்துவிடுகிறேன். ஓயாசிஸ் 1991 ஆகஸ்டில் அந்தப் பெயரில் முதலில் மேடையேறியதும், பிறகு நாள்தவறாமல் ஒத்திகை பார்த்ததும் போர்ட்வாக் என்ற கிளப்பில். போர்ட்வாக் இருந்தது லிட்டில் பீட்டர் ஸ்ட்ரீட்டில். ஆமாம், ஜாய் டிவிஷன் குளிரில் நடுங்கிய அதே தெரு. ஐந்து ஆண்டில், 1996 ஆகஸ்டில், நெப்வொர்த்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேர் அவர்களைக் கேட்டார்கள்.

இப்போது அந்த மாதிரி அறைகள் நகர மையத்தில் கிடைப்பதில்லை. ஆலைகள் எல்லாம் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. ஹியூமின் பிறைகளை 1990களிலேயே இடித்தாயிற்று. லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள் போய்விட்டது. ஹசியெண்டாவை இடித்து, அதே பெயரில் குடியிருப்பு கட்டினார்கள்; 'கொண்டாட்டம் முடிந்தது, இனி வீட்டுக்கு வரலாம்' என்ற பொருளில் விளம்பரமும் செய்தார்கள். இடிப்பதற்கு முன் உள்ளே இருந்ததையெல்லாம் ஏலம் விட்டார்கள். நடனத்தளத்தின் மரப்பலகைகளில் சில பீட்டர் ஹுக்கின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றைக் கொண்டு அவர் பேஸ் கிதார்கள் செய்யவைத்தார்.